துரை வீட்டுத் தூபக்கால்

வெள்ளைக்காரர்கள் புகையிலை அடைத்துக் குடிக்கிற சுங்கானை வாயில் வைக்காமல் அதற்கு விலை சொல்ல முடியாது. கையில் எடுத்தால் கட்டையின் ரேகை தெரியும், கனம் தெரியும். மூக்கில் வைத்தால் எத்தனை காலம் புகைந்தது என்று ஓரளவுக்குத் தெரியும். ஆனால் இழுப்பு தாராளமாக வருகிறதா, நடுவில் அடைக்கிறதா, காம்பு நிஜமான அம்பர்ப் பிசினா இல்லை மஞ்சள் கண்ணாடியா என்பதெல்லாம் வாய்க்குத்தான் தெரியும். அம்பரைப் பல்லில் தட்டினால் மெத்தென்று இருக்கும். கண்ணாடி சில்லென்று கிண் என்னும். சின்னுசாமி இந்த வித்தையை நன்றாகவே கற்று வைத்திருந்தான். வெளியே சொல்ல முடியாத வித்தை.

பின்னே என்ன? ஆட்டையாம்பட்டிப் பக்கத்துக் குடியானவன் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கிறவன். உதடு பட்டுவிட்டால் அந்தச் செம்பு நேரே புளிக்கும் சாம்பலுக்கும் போய்விடும். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன், செத்துப்போன வெள்ளைக்காரன் கடித்துச் சப்பிய காம்பைத் தன் வாயில் வைத்து உறிஞ்சி, "இழுப்பு ஜோரா இருக்குதுங்க துரை" என்று இன்னொரு வெள்ளைக்காரனிடம் விற்கிறான் என்றால் ஊர் சும்மா இருக்குமா? காறித் துப்பும். ஒருத்தனும் பெண் எடுக்க மாட்டான், பெண் கொடுக்க மாட்டான், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார மாட்டான்.

ஆசைப்பட்டு அவன் இந்தத் தொழிலுக்குப் போகவில்லை. மேட்டூரில் அணை வேலை முடிந்து, கேம்ப்பில் இருந்த துரைமார்கள் மூட்டை கட்டிய சமயத்தில் அவர்கள் சாமான்களைச் சேலத்துக்கு வண்டியில் ஏற்றி வந்தான். கிணற்றில் தண்ணீர் இல்லாத வருஷம், வண்டி வாடகையாவது கிடைக்கட்டும் என்று போனது. அங்கே நடந்த ஏலத்தில் ஒரு பித்தளை விளக்குக்கு ஆசைப்பட்டுப் பெட்டியோடு எடுத்தான். விளக்கு ஓட்டை. தலையில் அடித்துக்கொண்டு பெட்டியைக் கவிழ்த்தால் அடியில் சுங்கான்கள் கிடந்தன. பாங்கியில் வேலை பார்த்த ஒரு சின்னத் துரை அதில் ஒன்றைப் பார்த்துவிட்டு, காளைக்கன்று விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போனான். அன்றைக்குப் பிடித்தது இந்தக் கிறுக்கு.

அப்புறம் பட்லர்மார் சிநேகம். எந்த பங்களாவில் துரை செத்தார், எந்தத் துரை சீமைக்குப் போகிறார் என்று தாக்கல் வந்துவிடும். போய் வாங்குவான். உள்ளே கட்டிய கரியை ஒரேயடியாகச் சுரண்டாமல் ஒரு பூச்சு விட்டுச் சுரண்டி, சாராயத்தை ஊற்றி அலசி, மெழுகு போட்டு மினுக்கி விற்பான். சேலம் ஜில்லாவில் சாராயக்கடை எல்லாம் மூடின பிறகு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவரைக் கெஞ்சி ஸ்பிரிட் வாங்கி அலசினான். மஞ்சள் யாவாரத்துக்குப் போகிறேன், கடலை யாவாரத்துக்குப் போகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொள்வது.

ஊருக்குச் சொல்லிவிடலாம். கட்டினவளுக்கு? முதல் பெட்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே பாவாயி பிரித்துப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, இதென்னுங்க? வளஞ்சுக்கிட்டு, குழியாட்டம் இருக்குது. மோந்தா ஒரே பொகை நாத்தம்."

"அதா? அது… தூபக்காலு."

"தூபக்காலுங்களா? இத்தினிக்கூண்டா?"

"வெள்ளைக்காரங்க அவிய சாமிக்குப் பொகை போடறது புள்ள. குழியில நெருப்பப் போட்டு, காம்பப் புடிச்சுக்கிட்டுக் காட்டறது."

"அவிய சாமிக்கு இத்தினிப் பொகை பத்துமுங்களா?"

"அவிய சாமி சின்னது."

பொய் சொல்கிறவன் கொஞ்சம் யோசித்தாவது சொல்ல வேண்டாமா! ஆனால் பாவாயி நம்பிவிட்டாள். ஏமாளி என்று நினைத்துவிட வேண்டாம். சந்தையில் ஒரு வெற்றிலைக் கட்டுக்கு மூன்று கடை ஏறி இறங்குகிறவள். புருஷன் தூபக்கால் விஷயத்தில் போய்ப் பொய் சொல்வான் என்று அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். "ஆரு சாமியா இருந்தா என்னுங்க, கால் படாத எடத்துல வெய்ங்க" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தாள். அன்றைக்கே சின்னுசாமிக்குச் சுருக்கென்றது. சாயங்காலமே சொல்லிவிடலாம் என்று நினைத்தான். சாயங்காலம் களி கிண்டிப் போட்டாள், தின்றான், படுத்துவிட்டான்.

அஸ்தம்பட்டி பங்களாவில் டாசன் துரை தை மாதம் காய்ச்சலில் செத்துப்போனார். மேட்டூரில் வாய்க்கால் வேலை பார்த்த மனுஷன், அதன்பிறகு சேலத்திலேயே தங்கிவிட்டவர். பிள்ளை குட்டி கிடையாது. துரைசாணி மட்டும்தான் மிச்சம். அவளும் சித்திரை மாதக் கப்பலில் போகப்போகிறாள் என்று பட்லர் அம்மாசி தாக்கல் சொல்லி அனுப்பினான்.

துரையுடைய சுங்கான்கள் சுவர்மேல் ஒரு பலகையில் வரிசையாக நின்றன. சின்னுசாமி ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டால் துடைத்து, வாயில் வைத்து இழுத்துப் பார்த்து, வைத்தான். துரைசாணி நாற்காலியில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நரைத்த முடி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. எல்லாம் பார்த்து முடிந்ததும் எழுந்துபோய் மேஜைக்குள்ளிருந்து ஒரு தோல் உறையைக் கொண்டுவந்தாள்.

"இது விக்கறதுக்கு இல்லை, சின்னுசாமி" என்றாள். வேலைக்காரர்களிடம் கற்ற தமிழ்.

உறைக்குள் ஒரு தலை. முண்டாசு கட்டி, மீசையை முறுக்கி, முட்டைக்கண்ணை உருட்டிப் பார்க்கிற ஆண்பிள்ளைத் தலை. முண்டாசின் உச்சிதான் சுங்கானின் குழி. கழுத்திலிருந்து கன்னம் வரைக்கும் வெல்லப்பாகு நிறம். மேலே போகப் போக வெளுத்து, முண்டாசில் வெறும் சந்தன நிறம். தூக்கினால் கனமே இல்லை. சின்னுசாமி அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். இந்த மாதிரிக் கல்லில் செதுக்கிய சுங்கானைப்பற்றி அவன் கேள்விப்பட்டிருக்கிறான். புதிதில் கடல்நுரைபோல் வெளுத்திருக்கும், புகைக்கப் புகைக்கத்தான் நிறம் ஏறும், அந்த நிறத்துக்குத்தான் விலை.

"எங்க கல்யாண வருஷம் இது பால் மாதிரி வெள்ளை" என்றாள் துரைசாணி. "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் துரை இதைத்தான் குடிப்பார். பகல்லே தொடமாட்டார். கொஞ்சம் கொஞ்சமா இந்த மொகம் கறுத்தது. எனக்கு முடி வெளுத்தது. இந்த வெள்ளிப்பூண் விட்டுப்போச்சு, பார். உங்க ஊர்லே நல்ல ஆசாரி இருக்கான்னு அம்மாசி சொன்னான்."

"இருக்கறாருங்க. புதுசாட்டம் போட்டுக் குடுப்பாருங்க."

"பூண் மட்டும். வேற ஒண்ணும் தொடவேண்டாம். கப்பல்லே என் கையிலே வச்சுட்டுப் போவேன். மத்ததெல்லாம் நீ வந்து எடுத்துட்டுப் போ, வித்துட்டுக் குடு."

"இத நம்பிக் குடுத்தனுப்பறீங்களே, அடையாளத்துக்கு எதாச்சும் வெச்சுட்டுப் போகட்டுங்களா?"

"நீ சின்னுசாமிதானே? போ" என்றாள்.

அந்த வார்த்தை அவனுக்குள் வெல்லம்போல இனித்தது. வண்டி ஓட்டிவரும்போது வழியெல்லாம் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தான்.

ஆசாரி பூண் போட்டுக் கொடுத்துவிட்டார். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் ஊரில் மாரியாத்தாள் திருவிழாவுக்கு நோம்பி சாட்டி, கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டார்கள். கம்பம் நட்டால் ஊர்க்காரன் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. சேலம் போய் ஒரே பகலில் வண்டியோடு திரும்ப முடியாது. சரி, நோம்பி முடிந்து போகலாம் என்று தோல் உறையைப் பரண்மேல், மிளகாய்க் கூடைக்குப் பின்னால் வைத்தான். அது துரைசாணியுடைய சாமான் என்று மட்டும் பாவாயியிடம் சொன்னான்.

நோம்பி என்றால் சும்மாவா? வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பு. பரணில் உள்ளது தரைக்கு வரும், தரையில் உள்ளது வாசலுக்கு வரும். அடுப்பங்கரைச் சட்டியிலிருந்து மாட்டுக் கழுத்து மணி வரைக்கும் எல்லாம் துலக்கிக் காய வைப்பார்கள். பெண்கள் ஒருபொழுது விரதம் இருந்து, விடியக்காலையில் ஈரச்சேலையோடு போய்க் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து இத்தனை வேலையும் செய்வார்கள். பாவாயி ஒன்றென்றால் இரண்டாகச் செய்கிறவள்.

ஆத்தாளுக்குப் பொங்கல் வைக்கிற அன்று காலையில் சின்னுசாமி மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். பங்குனி வெயில், கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. சால் பாதிதான் ரொம்பி வந்தது. மிளகாய்ச் செடிகளுக்கு ஒரு நனைப்பாவது காட்டிவிட்டு மாடுகளை அவிழ்த்துக் கட்டித் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வாசலில் நுழையும்போதே சாம்பிராணி வாசம். சாமி மாடத்துக்கு முன்னால் பாவாயி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் காளியாத்தாளும் இன்னும் இரண்டு பெண்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாவாயியின் கையில் ஒரு தலை. பால் மாதிரி வெள்ளைத் தலை. அதன் முண்டாசு உச்சியிலிருந்து புகை குபுகுபு என்று எழும்பிக்கொண்டிருந்தது.

சின்னுசாமி நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

"வந்துட்டீங்களா?" என்றாள் பாவாயி, முகமெல்லாம் சிரிப்பாக. "பரண எறக்குனப்பச் சிக்குச்சுங்க. இத்தன அழகா ஒரு தூபக்கால ஒளிச்சு வெச்சிருக்கறீங்களே! மொகம் முச்சூடும் ஒரே கருக்கு. புளியும் சாம்பலும் போட்டு, தேங்கா நாருல தேச்சுத் தேச்சுக் கை கடுத்துப் போச்சு. வெந்நீருல ஊற வெச்சு மறுக்காத் தேச்சேன். இப்பப் பாருங்க. உங்க துரசாணி பாத்தாங்கன்னா மெச்சிக்குவாங்க."

"அசலு நம்ம முனியப்பன் மொகமுங்க கொழுந்தனாரே" என்றாள் காளியாத்தாள். "மீசையும் கண்ணும் பாருங்க. வெள்ளைக்காரனும் முனியப்பனத்தான் கும்புடறானாட்ட இருக்குது!"

"பாவாயி, அத… அதக் கீழ வெய்யி."

"ஏனுங்க?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். சொல்லிவிடுவதற்கு அதுதான் சமயம். அது வாயில் வைப்பது, ஒரு வெள்ளைக்காரனின் எச்சில் என்று ஒரு வார்த்தை. ஈரச்சேலையோடு, ஒருபொழுதில் வற்றிப்போன முகத்தோடு நின்ற பாவாயியைப் பார்த்தான். எச்சிலைக் கொண்டுவந்து ஆத்தாளுக்குக் காட்டினவள் என்று முதலில் அவளைத்தானே ஊர் பிடிக்கும்? பொய் சொன்னவனை அப்புறம்தானே பிடிக்கும்?

"சூடா இருக்கும். கையச் சுட்டுக்கப் போறே" என்றான்.

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "அடேங்கப்பா! பொண்டாட்டி மேல எத்தன கரிசனம்!" என்று காளியாத்தாள் கேலி செய்தாள்.

அதோடு போயிருந்தாலும் போகிறதென்று விட்டிருக்கலாம். மாவிளக்கு எடுத்துக் கோயிலுக்குப் புறப்படும்போது காளியாத்தாள்தான் ஆரம்பித்தாள். "ஏம்புள்ள, அந்தத் தூபக்காலையும் எடுத்துக்க. கோயலுத் தூபக்காலு காது ஒடஞ்சு கெடக்குது. ஆத்தாளுக்கு இதுல காட்டுனா எத்தன நல்லாருக்கும்!" பாவாயி திரும்பிச் சின்னுசாமியைப் பார்த்தாள், உத்தரவு கேட்கிற மாதிரி. அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறவன்போல் கட்டுத்தறிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கோயிலில் பூசாரி அதை வாங்கி ஆத்தாளுக்கே காட்டினார். மேளம் அடித்தது. பூசாரி அந்தத் தலையைக் கூட்டத்துக்குள் கொண்டுவந்தார். கிழவர் முதல் கைப்பிள்ளை வரைக்கும் புகையை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிள்ளையில்லாத ஒருத்தி அந்த அம்பர்க் காம்பைத் தொட்டுத் தொட்டு வயிற்றில் வைத்துக்கொண்டாள். சின்னுசாமி கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது. தன் பக்கம் புகை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டான். பக்தி என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து பாவாயி வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் வைத்தாள். அவன் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தான்.

"ஏனுங்க, மேலுக்குச் சேரலீங்களா? மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது."

"ஒண்ணுமில்ல."

"வெயில்ல கவலை ஓட்டுனது. இருங்க." தூபக்காலின் குழியிலிருந்து விரலால் சாம்பலைத் தொட்டு எடுத்து, ஏதோ முணுமுணுத்து, அவன் நெற்றியில் இட்டாள். இட்டுவிட்டுக் கண்ணில் தூசி விழாமல் ஊதினாள். அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

கம்பம் பிடுங்கி ஆற்றில் விட்ட மறுநாள் வண்டி கட்டிக்கொண்டு சேலம் போனான். அந்தத் தூபக்காலைத் துரைசாணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பாவாயிக்கும் தெரியும். மனசில்லாமல்தான் எடுத்துக் கொடுத்தாள். வழியெல்லாம் கதை கட்டினான். ஆசாரி உலையில் தவறி விழுந்துவிட்டது என்று சொல்லலாமா, எலி இழுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டது என்று சொல்லலாமா என்று நினைத்து நினைத்துப் பார்த்தான். பங்களாவில் துரைசாணி உறையைத் திறந்தாள்.

"இது யாருது?"

"உங்களுதுதானுங்க."

"இல்லை. என்னோடது கறுப்பு."

கட்டிய கதையெல்லாம் எங்கே போயிற்றோ! சின்னுசாமி தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பெண்டாட்டியிடம் தூபக்கால் என்று சொன்னது, அவள் தேய்த்தது, நெருப்புப் போட்டது, கோயிலுக்குப் போனது. துரைசாணி சுங்கானை மூக்கருகில் வைத்து முகர்ந்தாள். சாம்பிராணி வாசம்தான் வந்திருக்கும்.

"என் துரை வாசனை போயிட்டுது" என்றாள். முகத்தை மூடிக்கொள்ளாமல் அப்படியே அழுதாள். சின்னுசாமிக்கு இரண்டு அடி அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, "உன் சம்சாரத்துக்கிட்டே ஏன் பொய் சொன்னே?" என்று கேட்டாள்.

"எங்க சனத்துல… வாயி வெச்ச பொருள் ஊட்டுக்குள்ளாற ஆகாதுங்க."

"ஏன்?"

"எச்சிலுங்க."

"அசிங்கமா?"

அவன் சுங்கானிலிருந்து பார்வையை விலக்கிக்கொண்டான்.

"அந்த வாய் என் பேரைச் சொன்ன வாய்" என்றாள் துரைசாணி. கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உன் சம்சாரம் இதைக் கும்பிட்டாளா? நிஜமா?" என்றாள்.

"ஊரே கும்புட்டுச்சுங்க."

"நான் பாக்கணும். வெள்ளிக்கிழமை வர்றேன். இதை நீயே எடுத்துட்டுப் போ. அவ எப்படிக் கும்பிடறாளோ அப்படியே பண்ணச் சொல்லு."

"வேண்டாமுங்க அம்மா. ஊருக்குத் தெரிஞ்சு போச்சுன்னா எங்களால தல நிமுந்து நடக்க முடியாதுங்க. என்ற பொண்டாட்டியக் கோயலுக்குள்ளயே உடமாட்டாங்க."

"நான் சண்டைக்கு வரலை."

"அப்பிடின்னா… இது என்னதுன்னு மட்டும் சொல்லீராதீங்க. துரை இதுல பொகை குடிச்சாங்கன்னு சொல்லீராதீங்க."

செத்துப்போன புருஷன் இதை வாயில் வைத்தான் என்பதை மறைத்துவிடு என்று ஒரு விதவையிடம் கெஞ்சுகிறோம் என்பது, சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"கேட்டாப் பொய் சொல்லமாட்டேன்" என்றாள் துரைசாணி. "யாரும் கேக்காட்டி நானாச் சொல்லமாட்டேன்."

வெள்ளிக்கிழமை மோட்டார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து வாசலில் நின்றது. ஊரில் பாதி அங்கே கூடிவிட்டது. பாவாயி வாசல் தெளித்துக் கோலமிட்டு, நோம்பிச் சேலையை உடுத்தி நின்றாள். துரைசாணிக்குக் கயிற்றுக் கட்டிலில் ஜமக்காளம் விரித்து, பித்தளை டம்ளரில் மோர் கொடுத்தாள். துரைசாணி டம்ளரை வாயில் வைத்துக் குடித்தாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாயி வெச்சே குடிக்குது பாத்தியா" என்று காளியாத்தாள் கிசுகிசுத்தாள்.

"குடிக்கட்டுமுங்கக்கா, அவிய பழக்கம். ஒறம்பரையா ஊட்டுக்கு வந்தவங்களப் போயி என்ன சொல்றது? பொறவு வெளக்கிக்கறேன்" என்றாள் பாவாயி.

பிறகு மாடத்துக்கு முன்னால் போய் விளக்கேற்றினாள். குழியில் நெருப்பெடுத்து வைத்துச் சாம்பிராணியைத் தூவினாள். வெள்ளைத் தலையிலிருந்து புகை எழும்பிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு, "ஆத்தா, எல்லாரையும் நல்லா வெய்யி. கடலு தாண்டிப் போறவங்களையும் நல்லபடியாக் கொண்டுபோயிச் சேத்து" என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டாள். துரைசாணி கை கூப்பவில்லை. கையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு புகையையே பார்த்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சின்னுசாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். யாரும் எதையும் கேட்டுவிடக் கூடாதே என்று அவனும் அதே ஆத்தாளைத்தான் வேண்டினான். யாரும் கேட்கவில்லை.

பாவாயி நெருப்பைத் தட்டிவிட்டு, தூபக்காலைச் சேலைத் தலைப்பில் ஏந்தித் துரைசாணியிடம் நீட்டினாள். "இந்தாங்க அம்மா, உங்களுது. கருக்கெல்லாம் போகத் தேச்சு வெச்சிருக்கறேன்."

துரைசாணி வாங்கினாள். சூடு ஆறாத அந்தக் கன்னத்தைத் தடவினாள். பிறகு இத்தனை பேர் நிற்பதும் மறந்துபோயிற்றோ என்னவோ, காம்பைத் தூக்கி உதட்டில் வைத்து முத்தமிட்டாள். முத்தமிட்டவள் அப்படியே அதைக் கடைவாய்ப் பல்லில் கடித்துக்கொண்டு, மோவாயை உயர்த்தி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, நடையில் இரண்டு எட்டு வைத்துக் காட்டினாள். ஒரு மனுஷன் சாப்பாட்டுக்குப் பிறகு உலாத்துகிற நடை. அழுகையும் சிரிப்புமாகப் பாவாயியைத் திரும்பிப் பார்த்தாள்.

பாவாயிக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. பீடி குடிக்கிறவனைப் பார்க்காதவளா அவள்? காம்பைப் பார்த்தாள், காம்பின் நுனியில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள், பரணைப் பார்த்தாள். கடைசியில் சின்னுசாமியைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றான்.

"ஏம்புள்ள" என்றாள் காளியாத்தாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "தூபக்காலப் போயி வாயில வெக்குது? என்னடி இது கூத்து?"

வெளியே நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். பாவாயி எச்சில் கூட்டி விழுங்கினாள்.

"சாமிய முத்தங்குடுக்கறாங்கக்கா. வெள்ளைக்காரங்க சாமிய வாயில வெச்சுத்தான் கும்புடுவாங்களாமா. எங்க ஊட்டுக்காரரு எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கறாங்க."

"அப்பிடியா சங்கதி!" என்றாள் காளியாத்தாள். "நம்ம கன்னத்துல போட்டுக்கறதாட்ட அவியளுக்கு அது." பெண்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

துரைசாணிக்கு இந்தப் பேச்சு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. சுங்கானைப் பாவாயியின் கையிலேயே வைத்து மூடினாள். "இது இங்கேயே இருக்கட்டும். கப்பல்லே வேண்டாம். உன் கையிலே இருக்கட்டும்" என்றாள். பாவாயி கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் வாங்கிக்கொண்டாள். மோட்டார் போயிற்று. மற்ற சுங்கான்களைத் துரைசாணி ஏலத்தில் விட்டுவிட்டதாக அப்புறம் அம்மாசி சொல்லியனுப்பினான். சின்னுசாமி அந்தப் பக்கம் போகவில்லை.

கூட்டம் கலைந்ததும் பாவாயி துரைசாணி குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டிக்கருகில் உட்கார்ந்து துலக்கினாள். வெகுநேரம் துலக்கினாள். சின்னுசாமி பக்கத்தில் போய் நின்றான்.

"பாவாயி…"

"நீங்களும் வாயில வெச்சுத்தான் பாப்பீங்களா?"

"ஆமா. வெக்காம வெலை தெரியாது புள்ள."

"அந்த வாயோடத்தான் வந்து என்ற சட்டியில சோறு திம்பீங்க."

அவன் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டு நின்றான்.

"அதக்கூட உட்டுத் தொலைங்க. பொழப்புன்னு சொல்லியிருந்தா நாலு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்துட்டு, ஒரு செம்பத் தனியா எடுத்து வெச்சிருப்பேன். ஆத்தாளுக்கு முன்னால என்னக் கொண்டுபோயி நிறுத்திப் போட்டீங்களே. ஒருபொழுது இருந்து, ஈரச்சேலையோட நின்னு காட்டுனனே. அப்பக்கூட உங்க வாயி தொறக்கலயே."

"பயந்துட்டேன் புள்ள."

"எனக்கும் பயந்தானுங்க. இல்லாட்டி நான் பொய் சொல்லுவனா, அதும் மாடத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு?" டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "உங்களுக்காகச் சொன்னேன்னு நெனச்சுக்காதீங்க. கண்ணுல ஒத்திக்கிட்ட சனத்துக்காகச் சொன்னேன். அந்தப் புள்ள வயித்துல வெச்சுக்கிட்டாளே, அவளுக்காகச் சொன்னேன்."

"தூக்கிக் கெணத்துல போட்டுடறேன்."

"போட்டுட்டு? அடுத்த வெள்ளிக்கெழம சனம் வந்து முனியப்பன் எங்கன்னு கேட்டா? மறுக்கா நான் ஒரு பொய் சொல்லோணுமா?" எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் அதத் தொடமாட்டேன். இனிமே தூபம் நீங்கதான் காட்டோணும். ஆரு என்ன கேட்டாலும் நீங்களே சொல்லுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை காளியாத்தாள் முழுகாமல் இருக்கிற தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள், முனியப்பன் புகை பட்டால் பிரசவம் லேசாகும் என்று. இன்னும் நாலைந்து பெண்கள் பின்னாலேயே வந்தார்கள். சின்னுசாமி குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு மாடத்துக்கு முன்னால் நின்றான். அடுப்பங்கரையில் பாவாயி ராகி அரைத்துக்கொண்டிருந்தாள். திருகைக்கல் சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் குழியில் நெருப்பை வைத்துச் சாம்பிராணியைப் போட்டான். பல்லில் தட்டிப் பார்த்து விலை சொல்கிற அந்தக் காம்பைப் பிடித்துக்கொண்டு புகையைச் சுற்றிக் காட்டினான். மருமகள் குனிந்து, புகையை அள்ளி வயிற்றில் தடவிக்கொண்டாள்.

"மாமா" என்றாள், புது ஊர்ப் பெண், கூச்சத்தோடு. "இது நெசமாலுமே முனியப்பன்தானுங்களா? ஒருத்தரு ஒருத்தரு ஒண்ணு சொல்றாங்க. உங்களுக்குத்தானுங்க தெரியும்."

திருகைச் சத்தம் நின்றுவிட்டது.

சின்னுசாமி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தான். அடுப்பங்கரைப் பக்கம் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"ஆமா சாமி" என்றான். "முனியப்பன்தான்."

அப்புறம் திருகை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது.